மதுரையிலிருந்து டெல்லி: குளிர் வருவதற்குள் வீட்டை என்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை | செப்டம்பர் 6

வணக்கம். பல வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இப்போதுதான். கணவருக்குக் குருகிராமில் வேலை கிடைத்து, ஜூலையில் மதுரை வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு வந்துவிட்டோம். நாங்கள் இருவர், ஆறாவது படிக்கும் பெண், யூகேஜி பையன், மூட்டு வலிக்கார மாமியார். உத்தம் நகர் பக்கம் ஒரு சந்தில் பில்டர் ஃப்ளோர் (மாடிக்கு ஒரு வீடாகக் கட்டிய சின்னக் கட்டடம்), முதல் மாடி. மெட்ரோ நடக்கிற தூரம். ஓனர் குடும்பம் கீழேயே இருக்கிறது, நல்ல மாதிரி.

சாமான் வந்து சேர்ந்த கதையைத் தனி இழையாகத்தான் எழுத வேண்டும். பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூடுதல் பணம் கேட்டார்கள். பீரோ கண்ணாடி போச்சு, கட்டில் கால் போச்சு, கிரைண்டர் கல் மட்டும் சேதாரமில்லாமல் வந்தது.

இப்போது கவலையெல்லாம் குளிர்காலம்தான். எதிர்வீட்டுப் பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இந்த வீட்டில் வெயிலே வராது" என்று உச்சுக் கொட்டுகிறார். வெயில் வராவிட்டால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கெல்லாம் வீடு மாற வேண்டுமா? இல்லை, ஹீட்டர் வாங்கினால் போதுமா? மாறுவதென்றால் தமிழ் ஆட்கள் இருக்கும் மயூர் விஹார் பக்கம் போகலாமா? பெண்ணுக்கு இந்தி எழுத்துகூடத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் திணறுகிறாள். ஊரில் நிற்கும் 2013 டீசல் காரைக் கொண்டுவரலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலம்வாசி | செப்டம்பர் 6

வாங்க அக்கா. காரை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்புறம் வழக்கு மேல் வழக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு? அங்கேயே விற்றுவிடுங்கள். ஸ்கூட்டர் இருந்தால் தாராளமாகக் கொண்டுவரலாம். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டுவதென்றால் ஊர் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

நொய்டா சிவில் | செப்டம்பர் 7

காரை விடுங்கள், பாட்டி சொன்னதைப் பேசுவோம். அந்தப் பாட்டி பெரிய கட்டடக்கலை நிபுணர்.

நம் ஊரில் வெயில் எதிரி. வீடு பார்க்கப் போனால் காற்று வருமா, தண்ணீர் வருமா என்று கேட்போம். இங்கே டிசம்பர், ஜனவரியில் பகல் நேரத்து வெயில் எந்த அறையில், எவ்வளவு நேரம் விழும் என்பதுதான் முதல் கேள்வி. குறைந்தபட்ச வெப்பம் 7 டிகிரி அளவில் இருக்கும் மாதம் அது. வீடெல்லாம் செங்கல், மொசைக், மார்பிள். குளிரைத் தடுக்க இங்கே யாரும் வீடு கட்டுவதில்லை, மே மாத வெயிலுக்குத்தான் கட்டுகிறார்கள். ஒரு தடவை சுவர் குளிர்ந்துவிட்டால் பிப்ரவரி வரை அந்த அறை ஐஸ்பெட்டிதான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. டெல்லி 28.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கு வானத்தில் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மதுரையில் அதே நாளில் 57 டிகிரி. ஆக இங்கே தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் வெயில் சாய்வாக நுழைந்து அறையின் உள்பக்கம் வரை படுக்கும். ஜூனில் அதே சூரியன் 85 டிகிரியில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் இருந்தால் வெயில் உள்ளே வராது. குளிரில் வெயில், கோடையில் நிழல் என்று ஒரே ஜன்னல் இரண்டையும் தரும். மதுரையில் இது நடக்காது. அங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது.

உங்கள் சந்தின் அகலம் எவ்வளவு? எதிரே எத்தனை மாடி? அதைச் சொன்னால் பாட்டி சொல்வது சரியா என்று பார்த்துவிடலாம்.

வைகைக்கரை | செப்டம்பர் 7

சந்து 20 அடி இருக்கும். எங்கள் பால்கனி தெற்குப் பார்த்துத்தான் இருக்கிறது. எதிரே நாலு மாடி. தெற்கு பால்கனி என்றதும் மாமியார் முகம் சுளித்தார், நான்தான் சமாதானம் சொன்னேன்.

நொய்டா சிவில் | செப்டம்பர் 7

திசை பிரமாதம், சந்துதான் கெடுத்துவிட்டது. எதிர்க்கட்டடம் 15 மீட்டர் உயரம், நடுவே 6 மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். 38 டிகிரியில் வரும் வெயில் அந்த 6 மீட்டரைக் கடப்பதற்குள் 4.7 மீட்டர்தான் இறங்கும். அதாவது உங்கள் பக்கத்துச் சுவரில் 10 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் வெயில் படும். உங்கள் கட்டடத்தில் மேல் மாடிக்கு மட்டும் கிடைக்கும். அதுவும் நண்பகலை ஒட்டி. முதல் மாடிக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வாய்ப்பே இல்லை. பாட்டிக்கு நூற்றுக்கு நூறு.

கரோல்பாக் பெரியவர் | செப்டம்பர் 8

தம்பி டிகிரி கணக்குப் போட்டுச் சொல்வதை நாங்கள் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டோம். நான் 1974-இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவன். கரோல் பாக்கில் நாலு பிரம்மச்சாரிகள் ஒரே அறையில். கல்யாணத்துக்குப் பிறகு ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் பழசு, சுவரில் சுண்ணாம்பு உதிரும். ஆனால் கட்டடத்துக்குக் கட்டடம் புல்வெளி விட்டிருந்தார்கள். ஜனவரி மதியம் மொத்தக் காலனியும் வெளியில்தான். கயிற்றுக் கட்டில், வேர்க்கடலை, கமலா ஆரஞ்சு, ஸ்வெட்டர் பின்னல். என் மனைவி இந்தி கற்றுக்கொண்டது அந்தப் புல்வெளியில்தான், பட்டாணி உரித்துக்கொண்டே.

மேல் மாடிக்கு ஓடிவிடாதே அம்மா. மே, ஜூனில் 45 டிகிரியில் மொட்டைமாடித் தளம் காய்ந்து ராத்திரி 2 மணிக்கும் கூரை அனலாய்க் கக்கும். தரைத்தளத்தில் ஓதம். நடு மாடி, தெற்கே திறந்த இடம் அல்லது பார்க், இதுதான் வேண்டும். இங்கே பார்க் பார்த்த வீட்டுக்கு வாடகை ஏன் கூடுதல் என்று நினைக்கிறாய்? மரம் பார்க்கவா?

மயூர் விஹார் மீனா | செப்டம்பர் 8

எல்லோரும் வெயிலிலேயே நின்றுவிட்டீர்கள். அக்கா கேட்டது குடும்பம் காலூன்றுவது பற்றி. புது ஊரில் முதல் வருடம் பேச்சுத்துணை இல்லாமல் பெரியவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. எங்கள் பக்கம் உத்தர குருவாயூரப்பன் கோயில் இருக்கிறது. சாயங்காலம் அங்கே போனால் தமிழும் மலையாளமும்தான் காதில் விழும். இட்லி அரிசி, நல்லெண்ணெய், கறிவேப்பிலை எல்லாம் பக்கத்திலேயே. உங்கள் மாமியாருக்காகவாவது இங்கே வாருங்கள். வெயில் வேண்டுமென்றால் பார்க்குக்குப் போய் உட்கார்ந்தால் ஆயிற்று.

பாலம்வாசி | செப்டம்பர் 8

//உங்கள் மாமியாருக்காகவாவது இங்கே வாருங்கள்//

மீனா அக்கா, அவர் கணவருக்கு வேலை குருகிராமில். யமுனைக்கு அந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு தினமும் குருகிராம் போய் வந்தால், அந்த மனிதர் வீட்டில் இருக்கும் நேரம் தூங்குகிற நேரம்தான். துவாரகா பாருங்கள். கோயிலுக்கு என்றால் ஜனக்புரி வெஸ்ட்டில் மெஜந்தா லைன் மெட்ரோ பிடித்தால் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விடலாம். டெல்லி தமிழ்ச் சங்கமும் ஆர்.கே.புரத்திலேயே, நூலகம் இருக்கிறது.

மயூர் விஹார் மீனா | செப்டம்பர் 8

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் பக்கத்து வீட்டில் தமிழ் கேட்பதும் ஒன்றா தம்பி? சரி, குருகிராம் தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஜனக்புரி டீச்சர் | செப்டம்பர் 9

பெண்ணின் படிப்பு பற்றி. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்று ஜனக்புரியிலேயே இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். லோதி எஸ்டேட், மந்திர் மார்க், பூசா ரோடு என்று மற்ற இடங்களிலும் உண்டு. தமிழும் பாடமாக உண்டு, சிபிஎஸ்இ. இந்தி தெரியாமல் நடுவில் வந்து சேரும் பிள்ளைகள் அங்கே புதிதில்லை. வருட நடுவில் மாற்றினால் பிள்ளை இரண்டு தடவை பழக வேண்டியிருக்கும் என்பதால் இந்த வருடத்தை ஓட்டிவிட்டு ஏப்ரலில் யோசியுங்கள். அதற்குள் இடம் உண்டா என்று நேரில் போய்க் கேட்டு வையுங்கள்.

இப்போதைக்கு எழுத்துதான் அவளுக்குத் தடை, பேச்சு தானாக வரும். கடைப் பலகை, பஸ் பெயர், பிஸ்கட் பாக்கெட் என்று கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கச் சொல்லுங்கள். இந்தி டியூஷனுக்குத் தமிழ் டீச்சரைத் தேடாதீர்கள். சந்தில் கல்லூரி படிக்கும் பெண் யாராவது இருந்தால் போதும்.

வைகைக்கரை | அக்டோபர் 2

நடுவில் எழுத முடியவில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நவராத்திரி அஷ்டமி அன்று காலை ஏழரைக்கு எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சந்திலிருக்கும் சின்னப் பெண்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்து, காலைக் கழுவி, குங்குமம் வைத்து, கையில் சிவப்புக் கயிறு கட்டி, பூரி, அல்வா, கறுப்புச் சுண்டல். தட்டோடு ஒரு ஹேர்பேண்டும் இருபது ரூபாயும். எட்டு வீடு ஏறி இறங்கி, வயிறு முட்டத் தின்றுவிட்டு, பையில் சில்லறை குலுங்க வந்தாள். பையனுக்கும் ஒரு தட்டு. பெண்களோடு ஒரு சின்னப் பையனையும் உட்கார வைப்பார்களாம். ஜூலையிலிருந்து வாயைத் திறக்காத பெண் இப்போது சாயங்காலம் ஆனால் சந்தில்தான்.

எங்கள் வீட்டில் சின்னதாகக் கொலு வைத்திருந்தோம். பாட்டி வந்து அரைமணி நேரம் ஒவ்வொரு பொம்மையாக விசாரித்தார். மாமியாருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஆனால் தோசை மாவு இப்போதே பொங்க மாட்டேன் என்கிறது. ராத்திரி அரைத்தால் காலையில் அப்படியே இருக்கிறது. டிசம்பரில் என்ன செய்வீர்கள்?

மயூர் விஹார் மீனா | அக்டோபர் 2

இதற்கென்றே தனி இழை போடலாம். காலையிலேயே அரைத்துவிடுங்கள், 24 மணி நேரம் கணக்கு. வெந்தயம் கூடுதல். கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கையால் நன்றாகக் கலந்து, ஓடிஜிக்குள் (கேக் சுடும் மின்சார அடுப்பு) வைத்து விளக்கை மட்டும் போட்டு விடுங்கள். ஓடிஜி இல்லாவிட்டால் கோதுமை மாவு டிரம்முக்குள் பாத்திரத்தை இறக்கிப் போர்வை சுற்றலாம்.

கரோல்பாக் பெரியவர் | அக்டோபர் 2

மாவுப் பாத்திரத்தை ரஜாய்க்குள், அதாவது பஞ்சுப் போர்வைக்குள், வைத்துத் தூங்குவோம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பாலம்வாசி | அக்டோபர் 3

உப்பை அரைக்கும்போதே போடக் கூடாது, பொங்கிய பிறகு போட வேண்டும். குளிரில் உப்பு மாவைத் தாமதப்படுத்தும்.

மயூர் விஹார் மீனா | அக்டோபர் 3

நான் முன்னாடியே போடுகிறேன், பொங்கத்தான் செய்கிறது. கை ராசி!

நொய்டா சிவில் | அக்டோபர் 5

ரஜாய் என்றதும் ஞாபகம் வருகிறது. அக்டோபர் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். நவம்பர் பாதியில் பஞ்சு அடிப்பவர் கடையில் கூட்டம் தாங்காது. ஆளுக்கு ஒன்று, இரண்டரை மூன்று கிலோ பஞ்சு போட்டால் போதும். உங்கள் கண் முன்னாலேயே எடை போட்டு, அடித்து, தைத்துத் தருவார்கள். அடுத்த வருடம் அதே ரஜாயைப் பிரித்து மறுபடி அடித்து வாங்கிக்கொள்ளலாம். மாமியாருக்குக் கனமான ரஜாய் வேண்டாம், மூட்டு வலிக்காரர்கள் திரும்பிப் படுக்கக் கஷ்டப்படுவார்கள். கனமில்லாத ஜெய்ப்பூர் ரஜாய் ஒன்றும் மேலே ஒரு கம்பளியும் கொடுங்கள்.

குளிர்காலக் காற்று வடமேற்கிலிருந்து வரும். அந்தப் பக்க ஜன்னல் இடுக்குகளை ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி அடையுங்கள். கீஸர் சமையலறைக்கு 3 லிட்டர், குளியலறைக்கு 15 லிட்டர். தொட்டித் தண்ணீரில் டிசம்பரில் பாத்திரம் கழுவினால் விரல் மரத்துவிடும்.

லக்னோ நர்ஸ் | அக்டோபர் 5

இடுக்கை அடையுங்கள் என்றதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே எதையும் எரிக்கக் கூடாது. வடக்கே அங்கீட்டி என்று கரி அடுப்பு வைப்பார்கள். ஓனர் அம்மா அன்பாகக் கொடுத்தாலும் அறைக்குள் வாங்கி வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம், அவ்வளவுதான் தெரியும். தூங்கிவிட்டால் எழுப்ப ஆள் வேண்டும். ஒவ்வொரு குளிர்காலமும் குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். குளியலறைக்குள் கேஸ் கீஸர் இருந்தாலும் இதே ஆபத்துதான், அதை வெளியே மாற்றச் சொல்லுங்கள்.

மின்சார ஹீட்டரில் எண்ணெய் நிரப்பிய வகை பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பரவாயில்லை. விலை கூடுதல், சூடாக நேரமும் எடுக்கும், ஆனால் சிவப்புக் கம்பி வெளியே தெரியாது. எதுவானாலும் தூங்கும்போது அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, செருப்பு. வீட்டுக்குள் செருப்பா என்று உங்கள் மாமியார் கேட்பார், என் அம்மாவும் கேட்டார். அந்த மொசைக் தரையில் வெறுங்காலோடு நடந்தால் மூட்டு வலிக்கு வேறு காரணமே வேண்டாம். வீட்டுக்கு என்று தனியாக ஒரு ஜோடி, கூடவே கம்பளி சாக்ஸ். பூஜை அறைக்கு ஒரு கனத்த பாய். அம்மாவிடம் இப்படித்தான் உடன்படிக்கை ஆனது.

வைகைக்கரை | நவம்பர் 9

ரஜாய், கீஸர், செருப்பு மூன்றும் ஆச்சு. மாமியார் செருப்பைப் பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டு, சாக்ஸோடு பாயில் நின்று விளக்கேற்றுகிறார். தேங்காய் எண்ணெய் இப்போதே கட்டியாகிவிட்டது, பாட்டிலை வெந்நீரில் வைத்துத்தான் பையனுக்குத் தலை சீவ வேண்டியிருக்கிறது.

ஆனால் காற்று! காற்று மாசுக் குறியீடு (ஏக்யூஐ) 400-ஐத் தொடுகிறது. பையன் இருமிக்கொண்டே இருக்கிறான். காற்றுக்காக ஜன்னலைத் திறக்கத் தோன்றுகிறது, புகைக்காக மூடு என்கிறது செய்தி. எதைத்தான் செய்வது?

ஜனக்புரி டீச்சர் | நவம்பர் 9

காலையும் ராத்திரியும் மூடுங்கள். மதியம் கொஞ்சம் இறங்கும், அப்போது திறந்து வீட்டைக் காற்றாட விடுங்கள். ஏர் ப்யூரிஃபையர் ஒன்று வாங்கினால் போதும், ஐந்து பேரும் தூங்கும் நேரத்தில் பிள்ளைகள் அறையில் ஓடட்டும். வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணி போட்டுத் துடையுங்கள். இருமல் விடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், கஷாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

கரோல்பாக் பெரியவர் | நவம்பர் 10

இது மட்டும் எங்கள் காலத்தில் இல்லை. பனிமூட்டம் உண்டு, புகை இவ்வளவு இல்லை. இதற்கு என்னிடம் கைவைத்தியம் எதுவும் கிடையாது.

வைகைக்கரை | ஜனவரி 11

சிவில் சாருக்கும் பாட்டிக்கும் கணக்குப் பிசகவில்லை. டிசம்பர் முதல் எங்கள் வீட்டில் ஒரு பொட்டு வெயில் கிடையாது. எதிரில் நின்று பார்த்தால் மேல் மாடி பால்கனியில் மட்டும் மஞ்சளாக விழுகிறது. ஓனர் அம்மாவிடம் கேட்டு மொட்டைமாடிச் சாவி வாங்கியிருக்கிறோம். பதினொன்றிலிருந்து மூன்று வரை மாமியாரும் எதிர்வீட்டுப் பாட்டியும் மேலேதான். மூன்று நாள் தொடர்ந்து பனிமூட்டம் வந்தபோது அதுவும் இல்லாமல் போனது. மாமியார் இறங்கி வந்து ரஜாயை விட்டு எழவே இல்லை.

பொங்கல் அன்று காலையில் சூரியன் வருவாரா என்று சந்தேகம்தான். மேலேயே கேஸ் அடுப்பை வைத்து, அவர் எப்போது வருகிறாரோ அப்போது பொங்குவதாக முடிவு. சந்தில் பஞ்சாபிப் பண்டிகையான லோஹ்ரி நெருப்புக்கு எங்களையும் அழைத்திருக்கிறார்கள். ஆக இரண்டு நாள் கொண்டாட்டம்.

வீடு மாறுவதென்று கணவரும் நானும் முடிவு செய்துவிட்டோம். ஒப்பந்தம் 11 மாதம், மே வரை இருக்கிறது. பள்ளிக்கூடத்தையும் மனதில் வைத்து ஜனக்புரி, துவாரகா இரண்டிலும் தேடலாம் என்றிருக்கிறோம். பெண்தான் இந்தச் சந்தை விட்டு வரமாட்டேன் என்கிறாள். ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் போதுமா?

நொய்டா சிவில் | ஜனவரி 11

ஏப்ரலில் பார்த்தால் எல்லா வீட்டிலும் வெயில் இருக்கும், ஒன்றும் பிடிபடாது. இந்த மாதமே பாருங்கள், பகல் 12 மணிக்கு. புரோக்கர் சாயங்காலம் வரச் சொன்னால் போகாதீர்கள். இந்தக் குளிரில் வெயில் விழுகிற வீடு என்றால் எல்லா வருடமும் விழும். எதிரே காலி மனை இருந்தால் மட்டும் அதை நம்பாதீர்கள், நாளைக்கே அங்கே நாலு மாடி எழும்பிவிடும்.

பாலம்வாசி | ஜனவரி 12

மொட்டைமாடி யாருக்கு என்பதையும் முதலிலேயே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பில்டர் ஃப்ளோரில் மாடி உரிமை மேல் வீட்டுக்காரருக்கு மட்டும் என்று இருந்தால் துணி காயப்போடக்கூட விடமாட்டார்கள். முன்பணம் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் கேட்டால் அடுத்த வீடு பாருங்கள். வாடகைக்கு வருபவர் பற்றிய போலீஸ் வெரிஃபிகேஷனை (சரிபார்ப்பு) ஓனரையே செய்யச் சொல்லுங்கள், அது அவர் பொறுப்பு.

வைகைக்கரை | ஜனவரி 12

ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணிக்கு ஜனக்புரியில் இரண்டு வீடு பார்க்கப் போகிறோம். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.